தூங்குகிறவர் வீட்டுப் பூனைகள்

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. இப்போது ஒன்றுதான். மற்றது எப்படிச் செத்தது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: எனக்கு, என் வீட்டுக்காரருக்கு, என் மகளுக்கு. பக்கத்து வீட்டு அக்காவிடம்கூட ஏதோ சீக்கு வந்து போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா அதை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி டிரைவர். லோகோ பைலட் என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் அப்படிச் சொல்கிற பொம்பளையை நான் பார்த்ததில்லை. டிரைவர்தான். அவருக்கு வேலைக்கு நேரம் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கும் கூப்பிடுவார்கள், மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போதும் கூப்பிடுவார்கள். டூட்டிக்கு ஆள் அழைக்கிற இடத்தை லாபி என்பார்கள். அங்கிருந்து போன் வந்தால் இரண்டு மணி நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஜோலார்பேட்டையோ ஈரோடோ கரூரோ போய், அங்கே டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் படுத்து, வேறொரு வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்புவார். திரும்பி வந்தால் ரெஸ்ட். ரெஸ்ட் என்றால் தூக்கம். பகலோ ராத்திரியோ, வந்ததும் தூங்கியாக வேண்டும். அவர் தூங்காமல் போனால் அவருக்குப் பின்னால் ஐம்பது அறுபது வேகன் போகிறது.

அதனால் கல்யாணமாகி வந்த முதல் வாரமே இந்த வீட்டின் சட்டம் எனக்கு விளங்கிவிட்டது. அவர் படுத்துவிட்டால் வீட்டில் எதுவும் நடக்கக்கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது, ஆகவே இன்றுவரை எங்கள் வீட்டில் வடித்த சோறுதான். மிக்ஸி கிடையாது, சட்னியைப் பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வருவேன். டிவி ஓடும், சத்தம் இருக்காது. வாசல் கேட்டில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவேன். இது எங்கள் லைனில் எல்லா டிரைவர் வீட்டிலும் உள்ள வழக்கம். சிவப்புத் துண்டு கட்டியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரம்மா கூவாமல் நடந்து போவார். கேஸ் சிலிண்டர்காரர் உருட்டாமல் தூக்கிக்கொண்டு வருவார். விருந்தாளி வந்தால் துண்டைப் பார்த்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் எனக்குப் போன் போடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜங்ஷனில் எஞ்சின் ஊதினால் அவர் எழ மாட்டார். ஷண்டிங்கில் வேகன்கள் ஒன்றோடொன்று முட்டும்போது எங்கள் வீட்டுச் சுவர் அதிரும், அவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், "என்னாச்சு?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் தூக்கம் வராது. அந்தக் கரண்டிக்காகவே நான் இருபத்திரண்டு வருஷம் பயந்து நடந்திருக்கிறேன்.

மகளும் அப்படியே வளர்ந்தாள். மூன்று வயதிலேயே குசுகுசுவென்று பேசப் பழகிவிட்டாள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு நல்லாப் படிக்குது, ஆனா வாயே தொறக்க மாட்டேங்குது" என்றார். எனக்குள் ஒரு பெருமை. அடங்கின பிள்ளை, நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது அறிவு அவ்வளவுதான்.

அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்ததும் வீடு இன்னும் சத்தமில்லாமல் ஆனது. அந்த வருஷம் எலித் தொல்லை. அவருடைய பெட்டியின் வாரை ஒரே ராத்திரியில் கடித்துத் துண்டாக்கிவிட்டன. பக்கத்து வீட்டு அக்காதான் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று சாம்பல் நிறக் கடுவன். மற்றது வெள்ளைப் பெட்டை, வால் நுனி மடங்கியிருக்கும். சாம்பல், வெள்ளை என்றே கூப்பிட்டோம்.

எலி ஒழிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, அவை எங்கள் வீட்டுச் சட்டத்தைத் தானாகவே கற்றுக்கொண்டதுதான். அவர் பகலில் வந்து படுத்தால் இரண்டும் போய் அவர் கால்மாட்டில் சுருண்டுகொள்ளும். விளையாட ஓடினால் நான் விரலை உதட்டில் வைத்து "ஸ்ஸ்" என்பேன், படுத்துவிடும். எட்டு மணி நேரம் ஒரு சத்தம் வராது. என் அண்ணன் போன் பண்ணினால்கூட, "எங்கூட்டுப் பூனைகூட டிரைவர் ஊட்டுப் பூனைங்கண்ணா" என்று பீற்றிக்கொள்வேன்.

ராத்திரிதான் தெரிந்தது. ஒரு மணிக்குத் தொடங்கும். பரணில் இருந்து பீரோ, பீரோவில் இருந்து கட்டில், கட்டிலில் இருந்து அடுப்படி. குண்டா உருளும், திரைச்சீலை கிழியும், டம்ளர் கிண்கிண் என்று விழும். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு அவர் நெஞ்சுமேல் ஏறி ஓடும். நான்கு மணிக்கு ஓயும். முதலில் அவர் சிரித்தார். "நம்ம ஊட்டுல மெயின் லைனே ஓடுது புள்ள" என்றார். ஒரு மாசம் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ராத்திரி வீட்டில் ரெஸ்ட் வரும் நாளெல்லாம் சிவந்த கண்ணோடுதான் டூட்டிக்குப் போனார்.

சித்திரையில் ஒரு காலை, டூட்டி முடிந்து வந்தவர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன், வாங்கவில்லை.

"ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு ஸ்டேஷனுக்கு வெளியில மஞ்சளப் பாத்தேன் புள்ள. பொறவு செவப்பப் பாத்த நெனப்பே இல்ல. கண்ணு தொறந்துதான் இருந்துது. அசிஸ்டெண்ட் கத்துனான். பிரேக் போட்டு நின்னுது. சிக்னலுக்கும் எஞ்சினுக்கும் நம்ம ஊட்டு வாசல்ல இருந்து தெருமுனை வரைக்குந்தான் இருக்கும்."

"யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

"அவனுக்கும் எனக்குந்தான். அவன் சொல்ல மாட்டான். இன்னொருக்கா ஆச்சுன்னா சொல்றதுக்கு நாங்க இருக்க மாட்டோம்." ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "ஊட்டுல தூங்கவே முடியல. இந்தப் பூனைக கெடுக்குதுக" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன்: என்ன ஆனாலும் இந்த மனுஷனைத் தூங்க வைக்க வேண்டும். ஒரு பொம்பளைக்கு வேறென்ன முடியும்? எஞ்சினை நான் ஓட்ட முடியாது. பூனையை அடக்க முடியும் அல்லவா.

குளியலறையில் போட்டு அடைத்தேன். பிள்ளை அழுவது போல் அலறி லைனையே எழுப்பிவிட்டன. தண்ணீர் தெளித்தேன். அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டன. ராத்திரி கருவாட்டுச் சோறு வயிறு முட்டப் போட்டேன். தெம்பாக ஓடின. செல்போனில் பார்த்தால் யாரோ ஒரு அம்மாள், பூனைக்குத் தனி அறை கொடுங்கள், ஏறி விளையாட மரம் செய்து வையுங்கள் என்கிறார். எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு அறை. அதில் ஒன்றில் எங்கள் துணியும் பாத்திரமும் இருக்கின்றன.

ஜேடர்பாளையத்தில் இருக்கிற அண்ணன்தான் வழி சொன்னார். "சாக்குல போட்டு இங்க கொண்டா. அணையத் தாண்டி அக்கரையில உட்டுப்போடலாம். ஆத்தத் தாண்டுன பூனை திரும்பாது." நானும் துணிந்தேன். இரண்டையும் ஒரு கட்டைப் பையில் போட்டு வாயைக் கட்டி, திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினேன். மடியில் பை கத்துகிறது. கண்டக்டர், "லக்கேஜுங்களா, அரை டிக்கெட்டுங்களா?" என்று கிண்டல் பண்ணினார். பஸ்ஸே சிரித்தது. ஆட்டையாம்பட்டி வருவதற்குள் வெள்ளை பையின் ஓட்டையில் ஒரு காலை வெளியே விட்டு என் வளையலைப் பிடித்துக்கொண்டது. நகத்தால் கீறவில்லை, பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. என்னால் முடியவில்லை. ஆட்டையாம்பட்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பிவிட்டேன். அவர் டூட்டிக்குப் போனால் இரண்டு நாள், மூன்று நாள் நான் தனியாகத்தான் கிடக்கிறேன். பேச்சுக்கு அவைதான் இருந்தன. அன்றைக்கு என் மனசு மட்டும் கல்லாக இருந்திருந்தால் வெள்ளை இன்றைக்குக் காவிரிக்கரையில் மீன் தின்றுகொண்டிருக்கும்.

மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள், "பகல்ல அதுங்க என்ன பண்ணுதும்மா?"

"என்ன பண்ணும், அப்பாகூடப் படுத்துத் தூங்கும். நெம்பச் சமத்து."

"பகல் பூரா நீயே தூங்க வெச்சுட்டா, ராத்திரில அதுங்க எப்படிம்மா தூங்கும்?"

இவ்வளவு சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை பாருங்கள்.

அவள் அதே மெதுவான குரலில் சொன்னாள், "நானும் அப்படித்தானம்மா இருந்தேன்."

"நீ எங்க சாமி ராத்திரில ஓடுன? நீ பாட்டுக்குப் படுத்திருப்ப."

"படுத்திருப்பேன்" என்றாள். அப்புறம் சாப்பாட்டு மணி அடிக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அவள் கேட்டதை வைத்து நானே ஒரு வழி செய்து பார்த்தேன். சாயங்காலம் பின்கட்டில், அவருடைய பழைய ஷூ லேஸில் கோழி இறகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்தாறு வயதில் முட்டி வலியோடு நான் ஓட, பூனைகள் பின்னால் ஓட, பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "உனக்கு என்னாடி ஆச்சு?" என்று கேட்டார். மூச்சு வாங்கும்வரை ஓடவிட்டு, ஒன்பது மணிக்குச் சோறு வைத்தால் விடியும்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கின. எட்டு நாள் இப்படி நடந்தது. அவர் அந்த எட்டு நாளில் பெரும்பாலும் வெளியூரில் இருந்தார். எனக்குக் கடவுளே கண்ணைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் அவர் காலை பதினோரு மணிக்கு வந்து படுத்தார், சாயங்காலம் ஏழுக்குத்தான் எழுந்தார். கேட்டில் துண்டு கட்டியிருக்கும்போது பின்கட்டில் ஓட முடியுமா? நானே விரலை உதட்டில் வைத்து அவற்றைப் படுக்க வைத்தேன். அன்று ராத்திரி பழைய குதியாட்டம். மறுநாள் டூட்டி விடியற்காலை, அதற்கடுத்தது நடுப்பகல். அந்த மனுஷனுக்கே நேரம் கிடையாது, பூனைக்கு நான் எங்கிருந்து நேரம் கொண்டுவருவது? எட்டு நாள் பழக்கம் இரண்டே நாளில் போனது.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மகள் சின்னவளாக இருந்தபோது சளிக்கு ஒரு சிரப் கொடுப்போம். குடித்தால் பிள்ளை தூங்கிவிடும். சளி போன பிறகும் அந்தப் பாட்டில் அலமாரியில் இருந்தது. அவர் ராத்திரி டூட்டி முடித்துப் பகலில் வந்து படுக்கும் நாட்களில், லீவு நாளாக இருந்து மகள் வீட்டில் இருந்தால், ஒரு மூடி கொடுப்பேன். சளி இல்லாமலே கொடுப்பேன். எங்கள் லைனில் நான் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு மூன்று பேர் கொடுத்தார்கள். அதை நாங்கள் தப்பு என்று நினைக்கவில்லை. ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவும் மாட்டோம்.

அந்த மருந்துதான் நினைவுக்கு வந்தது. மெடிக்கல்லில் போய் பிள்ளைக்குச் சளி என்று சொல்லி வாங்கினேன். கருவாட்டுச் சாற்றில் கலந்து ஒரே தட்டில் வைத்தேன். அரை மணி நேரத்தில் இரண்டும் கண் சொருகிப் படுத்தன. விடியும்வரை வீட்டில் எறும்பு ஊர்ந்தால் கேட்கும். காலையில் அவர் எழுந்து, "நல்லாத் தூங்குனேன் புள்ள" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஏதோ நானே ஒரு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது போல இருந்தது. அதே வாரத்தில் இன்னும் இரண்டு தடவை கொடுத்தேன். இரண்டு தடவையும் அதேதான் சொன்னார்.

நான்காவது தடவை, அவர் ராத்திரி ஒரு மணிக்கு வந்தார். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் போன் வரும் என்றார். நான் தட்டை வைத்துவிட்டு அவருக்குச் சோறு போடப் போனேன். சாம்பல் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போனதை நான் பார்க்கவில்லை. மொத்தத் தட்டையும் வெள்ளை நக்கிவிட்டது.

ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது அடுப்புக்குக் கீழே கிடந்தது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் நிற்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. தண்ணீரை விரலில் தொட்டு வைத்தேன், உள்ளே போகவில்லை. மாட்டாஸ்பத்திரியை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். மடியில் போட்டுக்கொண்டு எட்டு மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.

எட்டு மணி ஆனது. முன்னறையில், வாசல் கதவை ஒட்டி, ஃபேனுக்குக் கீழே அவர் படுத்திருந்தார். அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இழுத்தால் வீடே கிறீச்சிடும். பின்கட்டுக்கு மதில்தான், கேட் இல்லை. பூனையோடு ஆட்டோ பிடித்துப் போக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்தத் தாழ்ப்பாளை இழுத்துத்தான் ஆக வேண்டும். நான் எழுந்து முன்னறை வாசல்வரை போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்தச் சிவப்பு சிக்னல் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. நானேதான் முடிவு செய்தேன்.

ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. துண்டு கட்டியிருந்தது. கீரைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டுச் செருப்புச் சத்தம்கூட வராமல் போனார். ஒன்பதரை மணிக்கு வெள்ளையின் மூச்சு நின்றது. அழுகை வந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பூனையைக் கொன்ற பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது, தங்கத்தில் பூனை செய்து வைத்தாலும் தீராது என்பார்கள். எனக்கு அப்போது ஜென்மக் கணக்கெல்லாம் தோன்றவில்லை. சூடு ஆறிக்கொண்டே போகிற அந்த உடம்பைத் தடவிக்கொண்டு பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு அவர் எழுந்து வந்தார். என் மடியைப் பார்த்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மருந்து குடுத்தேனுங்க" என்றேன். "நீங்க தூங்கோணும்னு குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். கதவத் தொறந்தா எந்திரிச்சுக்குவீங்கன்னு போகல."

"என்னைய எழுப்பியிருக்கலாமில்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷம் கரண்டி விழாமல் பார்த்துக்கொண்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? "எழுப்பறதா? உங்களையா? நீங்க பாக்காம உட்ட செவப்ப அப்பறம் யாருங்க பாக்கறது?" என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் வெள்ளையின் மடங்கின வாலை நீட்டி நீட்டி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நான் தூங்கல புள்ள."

"எப்பங்க?"

"இன்னைக்குந் தூங்கல. அன்னைக்குந் தூங்கல. அந்த சிக்னலுக்குப் பொறவு நான் தூங்கவே இல்ல. கண்ண மூடுனா செவப்பு வருது. ரன்னிங் ரூம்லயும் அப்படித்தான். நீ படற பாட்டப் பாத்து, தூங்குனேன்னு சொன்னேன். நீ காலைல வந்து மூஞ்சியப் பாப்பியே, அதுக்காவச் சொன்னேன்."

"பூனை கெடுக்குதுன்னீங்களே?"

"முந்தி கெடுத்துது. பொறவு அதுக மேல பழியப் போட்டேன். நெசத்துல அதுக ஓடறப்ப எனக்குப் பரவால்லாம இருந்துது. என்கூட இன்னும் ரெண்டு உசுரு முழிச்சிருக்குதேன்னு. நீ அதுகளை அடக்குன ராத்திரிகதான் எனக்கு நெம்பக் கஷ்டம்." வாலில் இருந்து கையை எடுத்துவிட்டு, "எட்டு மணிக்கு நீ வந்து நின்னியே, அதுவுந் தெரியும். என்னமோ பாக்க வந்தீன்னு நெனச்சுக் கண்ண மூடிட்டுக் கெடந்தேன்" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பாவம் என் மடியிலேயே கிடந்தது. அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாழ்ப்பாளை இழுத்திருப்பேன். பின்கட்டில் முருங்கை மரத்தடியில் அவரே குழி தோண்டினார். சாம்பல் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றேகால் மணிக்கு லாபியில் இருந்து போன் வந்தது. அவர் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் போனை நான் தொட மாட்டேன், அன்றைக்கு எடுத்தேன். மூன்றே காலுக்கு ஈரோடு வண்டி, சாரிடம் சொல்லிவிடுங்கள் என்றது குரல்.

"அவர் வர மாட்டாருங்க" என்றேன்.

"ஏங்க, வீட்ல இல்லீங்களா?"

"இருக்காருங்க. தூங்கலீங்க. பல நாளாத் தூங்கலீங்க. அவரை வண்டியில ஏத்தாதீங்க."

அவர் ஈரக்கையோடு வந்து என் முன்னால் நின்றார். போனைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். அதிலேதான் அவர் சோறு, அவர் மரியாதை, இருபத்தைந்து வருஷத்து எஞ்சின் எல்லாம் இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "சிக் போட்டுக்கப்பா" என்றார். உடம்பு சரியில்லை, டூட்டிக்கு வரவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்வது அது. அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டுப் போய்க் கேட்டில் இருந்த துண்டை அவிழ்த்தார்.

அதற்கப்புறம் டாக்டர், பரிசோதனை, மறுபடியும் டாக்டர். அந்தச் சிவப்பை அவரே வாயால் ஒப்புக்கொண்டார். எஞ்சினில் இருந்து இறக்கி அதே லாபியில் மேஜை வேலை கொடுத்தார்கள். இப்போது அவர்தான் மற்ற டிரைவர்களுக்குப் போன் போடுகிறார். பொம்பளை வாயைத் திறந்து புருஷன் பிழைப்பைக் கெடுத்தாள் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னாலும் பரவாயில்லை. அவர் உயிரோடு இருக்கிறார். தூக்கம் மட்டும் முழுசாக இன்னும் வரவில்லை.

பொங்கல் லீவுக்கு மகள் வந்தாள். வந்ததும் வெள்ளை எங்கே என்றாள். போனில் சொன்ன சீக்குக் கதையை மறுபடி சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். நான் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது.

"இதுதான எனக்கும் குடுப்ப?"

"ஆமா சாமி" என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தேன், அதற்குள் அவள் பேசினாள்.

"நான் முழுங்க மாட்டேம்மா. வாய்லயே வெச்சிருந்து, நீ அந்தப் பக்கம் போனதும் ஜன்னல்ல துப்பிருவேன். பொறவு கண்ண மூடிப் படுத்துக்குவேன். நீ வந்து பாத்துட்டு, தூங்கிட்டான்னு சந்தோஷமாப் போவ." வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னாள். வீட்டில் தூங்குகிறவர் யாரும் இல்லை. அவள் அப்பா லாபியில் இருந்தார்.

அவர் தூங்கினார் என்று நினைத்தேன், இவள் குடித்தாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கொடுத்ததைக் கடைசிவரை நம்பிக் குடித்தது வெள்ளை மட்டும்தான்.